மேரி கோமுக்கு மாலை! மணிப்பூருக்கு என்ன?

2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள், இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் குத்துச்சண்டை அரங்கிலே, மணிப்பூர் மலைநாட்டு மங்கை ஒருவர் 11க்கு 6 என்ற புள்ளிக் கணக்கில் அரையிறுதிச் சண்டையில் தோல்வியுற்றார். வென்றவர் இங்கிலாந்தின் நிக்கோலா அடம்ஸ். தோற்றவர் மேரி கோம். தோற்றும் அவர் வெண்கலப் பதக்கத்துக்கு உரியவரானார். ஒலிம்பிக் குத்துச்சண்டையிலே பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. இத்துணைப் பெருமையைத் தேடித் தந்தவர் அரங்கை விட்டு இறங்கியதும் செய்தது யாது? தங்கம் கொண்டுவர இயலவில்லையே என வருந்தித் தம் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கோரினார்!

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? இந்த ஒரு கேள்வியை முன்வைத்தே இவ்வாரம் நாம் பேனாவைக் கையில் எடுக்கின்றோம். அரசியற் பத்திரிகைக்குக் குத்துச்சண்டை மேடையிலே என்ன அலுவல் என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுப்பார்களாக. ஒரு பெண்ணின் முட்டியிலே அரசியல் இல்லை என்பார், அந்த முட்டியை மடக்குவதற்கு அவருக்கு யார் யார் தடை விதித்தார்கள் என்பதை அறியாதவர்களே ஆவர்.

மேரி கோம் பிறந்தது மணிப்பூர் மாநிலத்தின் சூராசாந்த்பூர் மாவட்டத்தில் உள்ள கங்காதேய் என்னும் சிற்றூர். கோம் என்பது அவருடைய குடியின் பெயர். மணிப்பூரின் பழங்குடிகளுள்ளே ஆள்தொகையால் மிகச் சிறிய குடிகளில் அதுவும் ஒன்று. தாய் தந்தையர் பிறர் நிலத்தில் உழைத்த உழவர்கள். அந்த மலைச்சாரலிலே காட்டை வெட்டி, எரித்து, விதைத்து, மண் சலித்ததும் வேறிடம் பெயரும் பயிர்த்தொழிலுக்கு 'ஜூம்' என்று பெயர். நம் வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ள உழவர்க்கு நாம் இதனை விளக்க வேண்டியதில்லை. சேனைப் பயிர்ச்செய்கை என்றால் அவர்களுக்கு உடனே விளங்கும். அத்தகைய வீட்டின் மூத்த பிள்ளை எப்படி வளரும்? விறகு வெட்டும், கரி சுடும், மீன் பிடிக்கும், வயலில் களை பிடுங்கும், தம்பி தங்கையரைத் தூக்கி வளர்க்கும். மேரியும் அப்படியே வளர்ந்தார். அவருடைய தோளுக்கும் மணிக்கட்டுக்கும் முதற் பயிற்சி அளித்தது எந்த விளையாட்டுக் கழகமும் அன்று, வறுமையே அளித்தது. இதைச் சொல்லி வறுமையைப் புகழ்வோர் உளர். நாம் புகழ மாட்டோம். அதே மலையிலே அதே விறகைச் சுமந்து, அரை வயிற்றுக் கஞ்சியோடு மெலிந்து போன ஆயிரம் சிறுமியரின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

பள்ளிப் பருவத்திலே ஓட்டத்திலும் ஈட்டியெறிதலிலும் ஈடுபட்ட மேரியின் மனம் குத்துச்சண்டையின்பால் திரும்பியதற்குக் காரணம் டிங்கோ சிங். 1998ஆம் ஆண்டு பாங்கொக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலே தங்கம் வென்று மணிப்பூருக்குத் திரும்பிய அந்த இளைஞரைக் கண்டு அம்மாநிலம் முழுவதுமே கையுறை அணிய ஆசைப்பட்டது. டிங்கோ சிங் மைத்தேயி இனத்தவர், சமவெளியினர். மேரி மலைக்குடியினர். சமவெளியான் வென்றால் மலைமகளுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. 2000ஆம் ஆண்டிலே இம்பால் நகரில் கே. கோசனா மைத்தேயி என்ற பயிற்றுநரிடம் மேரி குத்துச்சண்டை கற்கத் தொடங்கினார். ஆசானும் மைத்தேயி இனத்தவரே. இந்தச் செய்தியை வாசகர் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமலே மேரி இதனைக் கற்றார். அவ்வாண்டிலேயே மாநிலப் போட்டியில் வென்றார். பத்திரிகையிலே வெளிவந்த படத்தைப் பார்த்துத்தான் தந்தைக்கே விடயம் தெரியவந்தது! அவரும் இளமையில் மல்யுத்தம் பயின்றவரே. ஆயினும் சினந்தார். முகத்தில் அடி பட்டால் நாளைக்கு இவளை யார் மணம் முடிப்பார் என்று கவலையுற்றார். அந்தத் தந்தையை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. நிலமும் இல்லாத, சீதனமும் இல்லாத ஏழைக்கு மகளின் முகமே முதல். அந்தக் கவலை கங்காதேய்க்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் தத்தம் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து சற்றுச் சிந்திப்பார்களாக. பெண்பிள்ளை படித்து டொக்டராகலாம், சட்டத்தரணியாகலாம், ஆனால் ஓட்டப் பந்தயத்துக்குக் காற்சட்டை அணிந்து மைதானத்தில் இறங்கலாகாது என்று சொல்லும் பட்டதாரித் தந்தையரை நாம் அறிவோம். கங்காதேய் உழவர் பிற்பாடு மனம் மாறி மகளுக்குத் துணை நின்றார். பட்டதாரிகள் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

தந்தை சினந்ததற்கு ஏழ்மை காரணம். ஏழ்மை இல்லாத இங்கிலாந்துப் பெரியோருக்கு என்ன காரணம்? அந்நாட்டின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1996ஆம் ஆண்டு வரை பெண்களுக்கு அரங்கைத் திறக்கவேயில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அனுமதி கேட்ட ஜேன் கௌச் என்ற வீராங்கனைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் நியாயசபைக்குச் சென்றபோது கட்டுப்பாட்டுச் சபையார் எடுத்துரைத்த வாதங்களில் ஒன்று, மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலே பெண்ணின் மனம் நிலைகொள்ளாது என்பது! 1998இல் அந்த வாதம் தூக்கியெறியப்பட்டது. கியூபாவைப் பாருங்கள். ஆடவர் குத்துச்சண்டையில் ஒலிம்பிக் தங்கங்களைக் குவித்த நாடு. புரட்சி செய்த நாடு. அங்கே பெண்கள் குத்துச்சண்டைக்கு அனுமதி கிடைத்தது 2022ஆம் ஆண்டு டிசெம்பரிலே! முதலாளித்துவம், பொதுவுடைமை, முடியாட்சி, குடியாட்சி என ஆயிரம் வேற்றுமை பேசும் நாடுகள், பெண்ணின் முட்டியை மடக்கவிடாமல் பிடித்து வைப்பதிலே எத்துணை ஒற்றுமையோடு இருந்திருக்கின்றன!

நம் வைத்திய அன்பர்கள் இங்கே குறுக்கிடக் கூடும். தலையிலே விழும் குத்து மூளையைப் பாதிக்கும். ஆகவே எதிர்க்கிறோம் என்பார்கள். நியாயமான வாதம். அதனை நாம் மதிக்கின்றோம். ஆனால் மூளை ஆணுக்கும் உண்டு அன்றோ? நோர்வே 1981இலும் சுவீடன் 1970இலும் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தன. ஆண் பெண் என்று பாராமல் எல்லோருக்கும் தடை. அது நேர்மை. ஆணின் மூளை அடிபடலாம், பெண்ணின் முகம் அடிபடலாகாது என்பது வைத்தியமும் அன்று, அன்பும் அன்று. பெண்ணைப் பொருளாகக் காணும் பார்வை.

இத்துணைத் தடைகளுக்கு நடுவே 2001இல் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்கிரான்டன் நகரில் பெண்களுக்கான முதல் உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடைபெற்றது. கையுறை அணியத் தொடங்கி ஓராண்டு கடந்த மேரி அதிலே வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு துருக்கியின் அந்தாலியாவில் தங்கம். 2005இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்கில் தங்கம். 2006இல் டில்லியில் தங்கம். 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். அத்துடன் முடிந்தது என்றார்கள். 2008இல் சீனாவின் நிங்போவிலே மீண்டும் தங்கம்! பிள்ளைகள் தந்தையின் பொறுப்பிலே வீட்டில் இருந்தார்கள். பிள்ளை பெற்ற ஆடவனிடம் எவரும் கேட்காத கேள்வியை இவரிடம் ஆயிரம் பேர் கேட்டார்கள். இவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 2010இல் பார்படோசிலும் தங்கம் வென்றார். இதற்குள் உலக வாகைப் பட்டங்கள் ஐந்து.

ஐந்து முறை உலகை வென்றவரை இந்தியாவில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் காலில் தைத்த முள் முதற்பக்கச் செய்தியாகும் நாட்டிலே, இவருடைய ஐந்து தங்கமும் உட்பக்கத்து மூலையில் முடங்கின. அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகும். 2003இல் அர்ஜுனா விருது அளித்தார்கள், 2006இல் பத்மஸ்ரீ, 2009இல் கேல் ரத்னா, மாநிலப் பொலிஸ் துறையிலே பதவி. ஆனால் விருதின் வரிசையை உற்று நோக்குங்கள். ஒவ்வொன்றும் வென்ற பின்னர் வந்தது. வெல்லு முன்னர், இம்பாலுக்கு இரயில் இல்லாத காலத்திலே, திமாப்பூர் வரை மலைப்பாதையில் பஸ் ஏறிச் சென்று, அங்கிருந்து நாட்கணக்கில் இரயிலில் பயணஞ் செய்து, வழியிலே பயணப் பொருள்களைக் களவு கொடுத்துவிட்டுத் தேம்பிய பெண்ணுக்கு எவர் மாலை இட்டார்? பயிர் முளைக்கும்போது தண்ணீர் விடாத கமக்காரன், கதிர் முற்றியதும் அரிவாளோடு வந்து நிற்கலாமா? நிற்கிறானே!

ஒலிம்பிக் பேரவையின் கதை இதிலும் வேடிக்கையானது. 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே தான் பெண்கள் குத்துச்சண்டையை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு மனம் வந்தது. அதுவும் எப்படி? 2012 இலண்டன் போட்டியிலே ஆடவருக்குப் பத்து எடைப் பிரிவுகள், பெண்களுக்கு மூன்று! 51 கிலோ, 60 கிலோ, 75 கிலோ. மேரி கோம் வென்ற உலகப் பட்டங்கள் 45, 46, 48 கிலோப் பிரிவுகளைச் சேர்ந்தவை. ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள அவர், தமக்கு இயல்பான எடையை விட்டு 51 கிலோவுக்கு உயர வேண்டியதாயிற்று. மூன்று கிலோதானே என்பீர்களாயின், குத்துச்சண்டையில் மூன்று கிலோ என்பது மேலிருந்து இறங்கும் நீண்ட கை என்று அறிக. தம்மை விட உயரமும் கனமும் உடையவரோடு பொருதியே போலந்து வீராங்கனையையும் துனீசிய வீராங்கனையையும் வென்று அரையிறுதிக்கு வந்தார். அதன் பின்னர் தோற்றதற்கு மன்னிப்புக் கேட்டார்!

அக்காலத்திலே உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தாரை வாட்டிய கவலை எது தெரியுமா? எடைப் பிரிவுகள் போதா என்பதன்று. நடுவர்களின் பாரபட்சமும் அன்று. பெண்கள் காற்சட்டை அணிந்து சண்டையிட்டால் ஆணா பெண்ணா என்று பார்வையாளருக்கு விளங்கவில்லையாம்! ஆகவே பாவாடை அணிய வேண்டுமாம்! 2010 உலகப் போட்டியில் அந்தப் பாவாடையைக் காட்சிக்கு வைத்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு, 2012இல், விரும்பினால் அணியலாம் என்று பின்வாங்கினார்கள். பாவாடையைப் பற்றி இத்துணை அக்கறை காட்டிய அதே சங்கத்தை, நிருவாகச் சீர்கேட்டைக் காரணங் காட்டி 2023 யூனிலே ஒலிம்பிக் பேரவை தன் அங்கீகாரத்திலிருந்து நீக்கியது. உடுப்பைக் கவனித்தார்கள், கணக்கைக் கவனிக்கவில்லை போலும்.

2014ஆம் ஆண்டு தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியப் போட்டியை எடுத்துக்கொள்வோம். மேரி கோம் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டிலே குத்துச்சண்டைத் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற புகழ் அவருக்கு. அதே போட்டியில் மணிப்பூரின் இன்னொரு மகள், சரிதா தேவி, அரையிறுதியில் கொரிய வீராங்கனையோடு மோதினார். ஓங்கியிருந்தது சரிதாவின் கையென்று கண்டவர் பலரும் கூறினர். தீர்ப்போ கொரியப் பெண்ணுக்கு. பதக்க மேடையிலே சரிதா தமது வெண்கலத்தை ஏற்க மறுத்து, அதனை அந்தக் கொரியப் பெண்ணின் கழுத்திலேயே இட்டுவிட்டுக் கண்ணீரோடு இறங்கினார். விளைவு? தீர்ப்பளித்தவர்கள் தீர்ப்பு மாற்றப்படவில்லை. சரிதா தேவிக்கு ஓராண்டுத் தடை! வென்ற மணிப்பூர்ப் பெண்ணோடு படம் பிடித்துக்கொள்ள நின்ற கூட்டத்தையும், வஞ்சிக்கப்பட்ட மணிப்பூர்ப் பெண்ணின் பின்னால் நின்ற கூட்டத்தையும் எண்ணிப் பார்க்கின்றவருக்கு நாம் சொல்ல வருவது விளங்கும்.

அதே 2014இல் மேரி கோமின் வாழ்க்கை இந்தித் திரைப்படமாயிற்று. மேரியாக நடித்தவர் மும்பைத் திரையுலகின் முன்னணி நட்சத்திரமான பிரியங்கா சோப்ரா. நடிகையின் உழைப்பை நாம் குறை கூறவில்லை. மேரி கோம் அம்மையாரும் அதற்கு இசைந்தார் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் மணிப்பூர் முகத்தை உடைய பெண்ணொருத்தி அந்த முகத்தோடு அந்த வேடத்தைத் தாங்கினால் படம் ஓடாது என்று கணக்குப் போட்டார்களே, அந்தக் கணக்கை என்னென்பது? அந்த ஆண்டின் தொடக்கத்தில், சனவரி மாதத்திலே, அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவர் டில்லித் தெருவில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவருடைய தோற்றத்தைக் கேலி செய்ததில் மூண்ட தகராறு அது. தெருவிலே அந்த முகத்தைக் கண்டால் கேலி. பதக்க மேடையிலே கண்டால் தேசப்பற்று! படம் இந்தியா முழுவதும் ஓடியது, வசூலும் குவிந்தது. மணிப்பூரின் திரையரங்குகளிலோ அது காட்டப்படவில்லை. இந்திப் படங்களைக் காட்டலாகாது என்று கிளர்ச்சிக் குழுவொன்று 2000ஆம் ஆண்டிலே விதித்த தடை அங்கே நிலவியது. கலியாணச் சந்தடியிலே தாலி கட்ட மறந்த கதை என்பார்கள். இங்கே மணப்பெண்ணின் ஊரையே மறந்தார்கள்.

மேரி கோம் குறையற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. 2019இல், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்குத் தேர்வுச் சண்டை வைக்காமலே அவரை அனுப்பச் சங்கத்தார் எண்ணங் கொண்டபோது, தெலுங்கானாவின் இளம் வீராங்கனை நிகத் சரீன் எதிர்த்து எழுந்தார். எனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று விளையாட்டு அமைச்சருக்கே எழுதினார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். டிசெம்பரில் தேர்வுச் சண்டை நடந்தது. மேரி 9க்கு 1 என வென்றார். வென்ற பின் இளையவருக்குக் கைகொடுக்க மறுத்தார். அது அழகன்று. இருபது ஆண்டு வாய்ப்புக்காகப் போராடியவர், வாய்ப்புக் கேட்ட இன்னொருத்தியிடம் காட்டியிருக்க வேண்டிய முகம் அதுவன்று. நிகத் சரீன் 2022இலும் 2023இலும் உலக வாகை சூடினார் என்பது அவருடைய கோரிக்கைக்குக் காலம் தந்த சான்று. ஆயினும் மேரியின் ஆற்றலை எவர் மறுக்க முடியும்? 2018இல் கோல்ட் கோஸ்ட் கொமன்வெல்த் போட்டியிலே நம் இலங்கையின் அனுஷா டில்ருக்ஷியை அரையிறுதியில் 5க்கு 0 என வென்று, பின்னர் தங்கமும் வென்றார். அனுஷா வெண்கலத்தோடு திரும்பினார். அது அந்த வீராங்கனைக்குப் பெருமையே. அவ்வாண்டு நவம்பரில், முப்பத்தைந்து வயதைக் கடந்து, டில்லியிலே ஆறாவது உலகப் பட்டத்தை மேரி வென்றார். 2019இல் வெண்கலம். உலகப் போட்டியிலே எட்டுப் பதக்கங்கள்! தோக்கியோ ஒலிம்பிக்கிலே, 38 வயதில், கொலம்பியாவின் இங்கிரிட் வலென்சியாவிடம் 3க்கு 2 என்ற பிளவுபட்ட தீர்ப்பிலே தோற்றபோது, உலகமே எழுந்து நின்று வழியனுப்பியது போலிருந்தது.

இனி, நாம் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருவோம்.

மேரி கோம் கையுறை அணிந்த 2000ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 2ஆம் நாள், இம்பால் அருகே மாலோம் என்னும் ஊரின் பஸ் தரிப்பிடத்தில் நின்ற பொதுமக்கள் பத்துப் பேர் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கேள்வி கேட்க இயலாது. 1958ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் விசேட அதிகாரச் சட்டம் படையினருக்குக் கவசமாக இருந்தது. அந்தச் சட்டத்தை நீக்கக் கோரி ஐரோம் ஷர்மிளா என்ற 28 வயது மங்கை உண்ணாவிரதம் தொடங்கினார். தற்கொலை முயற்சி என்று வழக்கு! காவலில் வைத்து, மூக்கின் வழியே குழாய் செருகி உணவு புகட்டினார்கள். ஒரு நாள் இரு நாள் அன்று, பதினாறு ஆண்டுகள்! 2016 ஓகஸ்ட் 9ஆம் நாள் வரை!

ஒரே ஆண்டில், ஒரே மாநிலத்தில், இரு பெண்கள் போராட்டம் தொடங்கினர். ஒருவர் மேடையில் பிறநாட்டாரைக் குத்தினார். அவருக்குப் பத்ம விருதுகள் மூன்றும் கிடைத்தன. மற்றவர் எவரையும் தொட்டதில்லை. தம் உடலையே வருத்தினார். அவருக்குக் கிடைத்தது மூக்குக் குழாய். மேரி கோமை 2016 ஏப்ரிலில் மாநிலங்கள் அவைக்கு நியமன உறுப்பினராக்கிய அதே டில்லி, அதே மாதத்தில் ஷர்மிளாவுக்குக் குழாய் வழி உணவு செலுத்திக்கொண்டிருந்தது. மணிப்பூர்ப் பெண்ணின் துணிவிலே டில்லிக்குப் பிடித்த துணிவும் உண்டு, பிடிக்காத துணிவும் உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? பழி முழுவதையும் டில்லியின் தலையிலே போடவும் நாம் விரும்பவில்லை. 2017 தேர்தலிலே ஷர்மிளா போட்டியிட்டபோது அவருக்குக் கிடைத்த வாக்குகள் 90. அந்த வெட்கம் மணிப்பூர் வாக்காளரைச் சாரும்.

மணிப்பூர்ப் பெண் போராடுவது புதிதன்று. 1939இலே, விளைந்த நெல் வெளியூர் வணிகரால் மாநிலத்துக்கு அப்பால் ஏற்றிச் செல்லப்பட, உள்ளூரில் பஞ்சம் தலைகாட்டியபோது, தெருவிலே இறங்கி அரிசி ஏற்றுமதியை மறித்தவர்கள் அந்நாட்டுப் பெண்களே. 'நுப்பி லான்', அதாவது பெண்கள் போர் என்று அதனை இன்றும் வழங்குவர். இம்பாலின் பெருஞ்சந்தையிலே இன்றும் கடை விரிப்போர் எல்லோரும் பெண்கள். அந்த மண்ணிலிருந்து ஒரு மேரி எழுந்ததிலே வியப்பில்லை. ஒருத்தியோடு நின்றுவிட்டதென உலகம் எண்ணுவதே வியப்பு.

மாநிலங்கள் அவையிலே ஆறு ஆண்டுகள் இருந்த மேரி கோம் தம் மக்களுக்காக அங்கே போதிய அளவு குரல் எழுப்பினார் என்று நாம் சான்று பகர மாட்டோம். நியமனம் பெற்றவரின் நாக்கு நன்றிக் கடனால் கட்டுண்டு போவதை எங்கும் காண்கிறோம். ஆனால் 2023 மே 3ஆம் நாள் இரவு அவர் வாய் திறந்தார். மைத்தேயி மக்களுக்கும் குக்கி மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்திலே வீடுகள் எரிந்தன. கோயில்களும் தேவாலயங்களும் எரிந்தன. என் மாநிலம் எரிகிறது, உதவுங்கள் என்ற கருத்துப்பட, பிரதமரையும் உள்துறை அமைச்சரையும் விளித்து அவர் பகிரங்கமாக வேண்டினார். அக்கலவரத்திலே இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் வீடிழந்து முகாம்களில் ஒதுங்கினர். அவருடைய பிறந்த மாவட்டமான சூராசாந்த்பூரே தீயின் நடுவில் இருந்தது.

மைத்தேயி வீரரைப் பார்த்து ஆசை கொண்டு, மைத்தேயி ஆசானிடம் கற்று, உலகை வென்ற மலைக்குடி மகள் அவர். மலைக்கும் சமவெளிக்கும் இடையே, எந்த அரசும் கட்டாத பாலமாக அந்தக் குத்துச்சண்டைக் கூடம் நின்றது. அரசுக்கு அந்தப் பாலத்தின் அருமை தெரிந்திருந்ததா? பதக்கத்தின் எடை தெரிந்தது, அவ்வளவே. அவருடைய சொந்தக் குடியான கோம் மக்கள், எண்ணிக்கையில் சிறியோர், போரிடும் இரு பெருங் கூட்டத்தாருக்கும் நடுவிலே அகப்பட்டுக்கொண்டனர். எங்கள் கிராமங்களுக்குள் இரு தரப்பாரும் நுழையாதபடி காவல் தாருங்கள் என்று அவ்வாண்டு ஓகஸ்டிலே மேரி கோம் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. பத்மவிபூஷண் விருது பெற்றவர். முன்னாள் மாநிலங்கள் அவை உறுப்பினர். ஆறு முறை உலகை வென்றவர். தம் ஊரின் வேலிக்குக் காவல் கேட்டு மனு எழுதுகிறார்!

நாம் கேட்பது பெரிதன்று. மேரி கோமுக்கு இனி மாலை வேண்டாம். அவரிடம் இடமில்லாத அளவுக்கு மாலைகள் உண்டு. சூராசாந்த்பூரிலும் மொய்ராங்கிலும் முகாமிலே வளரும் சிறுமியர் தத்தம் ஊருக்குத் திரும்பட்டும். மைத்தேயி ஆசானிடம் கோம் சிறுமியும் குக்கிச் சிறுமியும் அச்சமின்றி இம்பாலுக்குச் சென்று கற்கும் பாதை திறக்கட்டும். வெல்லு முன்னரே அந்தச் சிறுமிக்கு முட்டையும் பாலும் பஸ் கட்டணமும் கிடைக்கட்டும். தோற்றால் அவள் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இலண்டனிலே மேரி பதக்கம் பெற்றபோது டில்லியிலிருந்து வாழ்த்து வர ஒரு நாளும் ஆகவில்லை. 2023 மே மாதத்தில் அவர் உதவி கேட்ட பின்னர், பிரதமர் மணிப்பூரைப் பற்றிப் பகிரங்கமாக வாய் திறக்க யூலை 20 ஆயிற்று. சூராசாந்த்பூருக்கு அவர் சென்றது 2025 செப்ரெம்பர் 13ஆம் நாள்.